தரகுக் காசு

என்கிட்ட கடலை எண்ணெய் வாங்குற சென்னை, பெங்களூர் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏங்க, இவ்வளவு நல்ல எண்ணெயை வச்சுக்கிட்டு ஏன் விளம்பரமே பண்ண மாட்டேங்கிறீங்க? ஆன்லைன் மார்க்கெட்டிங் தெரிஞ்ச பையனா ஒருத்தனைப் பிடிங்க."

பையனைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். என் கூடப்பிறந்த அக்கா மகனுக்கு அதுதான் தொழில். மதுரை கே.கே. நகரில் மாடியில் ஒரு அறை, ரெண்டு கம்ப்யூட்டர், கூட வேலை பார்க்க மூணு பசங்க. இன்னைக்கும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறான். இடையில் ஒரு எட்டு மாசம் மட்டும் என் தோட்டத்தில் மல்லிகை பறித்துக்கொண்டு இருந்தான். அதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதுங்க மாமா. மத்தபடி ஒண்ணையும் மறைக்க வேணாம்" என்றான். ஒண்ணையும் என்றால் என் பங்கையும் சேர்த்துத்தான்.

அதுக்கு முன்னாடி எங்க தாத்தாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அவர் மாட்டுத் தரகர். சொந்தமாக ஒரு ஜோடி மாடுதான் வைத்திருந்தார். வாழ்ந்ததெல்லாம் மற்றவர் மாட்டை விற்றுக் கொடுத்துத்தான். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாட்டுத்தாவணி என்றதும் உங்களுக்கு பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரும், எங்க வீட்டில் தாத்தா ஞாபகம் வரும். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. தரகர் ஒருத்தருக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும். அதனால் ஊரை ஏமாற்ற தரகருக்கு இருக்கிற வசதி வேற யாருக்கும் கிடையாது.

மாட்டில் பார்க்க வேண்டியது பல்லும் சுழியும். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை முளைச்சதா என்று வாயைத் திறந்து பார்த்துவிடலாம். சுழியும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது, சண்டித்தனம். சந்தையில் சிங்கம் மாதிரி நிற்கும். ஏர் பூட்டினால் உழவு நடுவில் படுத்துக்கொள்ளும். வாலைக் கடித்தாலும் எழுந்திரிக்காது. தாத்தா ஒரு தடவை அப்படி ஒரு காளையை, சண்டி என்று தெரியாமல், பேரையூர்ப் பக்கத்து ஆளுக்கு முடித்துக் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்த அன்றே நடந்தே போய், வாங்கின தரகுக் காசைத் திண்ணையில் வைத்துவிட்டு நின்றாராம். அந்த ஆள் காசை எடுத்துக்கொண்டு ஒரு சொம்பு தண்ணி கொடுத்தார், அவ்வளவுதான். அதுக்கு அப்புறமும் மூணு சந்தைக்குத் தாத்தாவின் துண்டுக்குள் ஒருத்தரும் கை நீட்டவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை முடிக்க மாட்டார் அவர். அந்த மூணு சந்தையைச் சொல்லித்தான் முடிப்பார்.

இந்தக் கதையை மாப்பிள்ளையும் சின்ன வயசில் நூறு தடவை கேட்டவன்தான்.

காலேஜ் முடித்துவிட்டு ரெண்டு வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான். கொரோனாவில் வேலை போய் ஊருக்கு வந்தவன், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கடைக்காரர்களுக்கு விளம்பரம் செய்து கொடுக்க ஆரம்பித்தான். ஜவுளிக்கடை, பல் டாக்டர், பிரியாணிக் கடை. கையில் மைக்கைப் பிடித்து மதுரைப் பேச்சில் அவனே பேசுவான். அது எடுபட்டது. ஆறு மாசத்தில் பஸ்ஸில் போனால் ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு முகம் பரவிவிட்டது.

எனக்கும் ஒரு விளம்பரம் செய்தான். எங்கள் மானாவாரிக் கடலையை வாகை மரச்செக்கில் ஆட்டி விற்கிறேன். இரண்டரை கிலோ பருப்பு போட்டால்தான் ஒரு லிட்டர் எண்ணெய். பருப்பு விலை, ஆட்டுகூலி, பாட்டில், கூரியர் எல்லாம் போட்டுப் பார்த்தால், லிட்டர் 180 ரூபாய்க்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் என்று யாராவது விற்றால் அது என்ன எண்ணெய் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை வீடியோவில் சொல்லுடா என்றேன். "கணக்குச் சொன்னா எவன் மாமா பார்ப்பான்?" என்று சொல்லிவிட்டு, "மூட்டுவலிக்கு முற்றுப்புள்ளி" என்று ஒரு வரி போட்டான். அந்த வாரம் 46 ஆர்டர் வந்தது. நான் அதை எடுக்கச் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. ஒரு மாசம் ஓடியது. பாட்டியை மாத்திரை எடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டு என் எண்ணெயைத் தாளிக்க ஆரம்பித்த ஒரு பேரன் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டபிறகுதான் அந்த வரி போனது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2018-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. எனக்கு அப்போது அது தெரியாது. ஆனால் அந்த வரி பொய் என்பது தெரியும். அதுக்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

2022-ல் அவனுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. மனை விற்கிற ஒரு நிறுவனம். பேர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. ஒரு லட்சம் கட்டினால் மாசாமாசம் 2,500 ரூபாய், மூணு வருஷம் முடிந்ததும் பணமாகவோ மனையாகவோ வாங்கிக்கொள்ளலாம். இவன் செய்ய வேண்டியது வாரம் ஒரு வீடியோ. பணம் வாங்கிய ஆட்களிடம் மைக்கை நீட்டி, "எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்க வேண்டும். அவர்கள் நிஜமாகவே மாசாமாசம் வாங்கிக்கொண்டு இருந்தவர்கள்தான். ஆகவே வீடியோவில் ஒரு பொய்யும் இல்லை. பின்னால் வந்து சேர்கிறவர்கள் பணத்தைத்தான் முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் வீடியோவில் இல்லை.

மாசத்துக்கு லட்சத்துக்கு 2,500 என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பது. எந்த நிலம் வருஷம் முப்பது வட்டி கொடுக்கும்? என் நிலம் கொடுக்காது. இந்தக் கேள்வி எனக்கும் வரவில்லை. மல்லிகைக்கு மருந்து அடித்துக்கொண்டு இருந்த ஒரு நாள் மாப்பிள்ளை கூப்பிட்டான்.

"மாமா, உங்க எண்ணெய் குரூப்புல முந்நூறு பேர் இருக்காங்கல்ல. இந்த ஒரு வீடியோவை மட்டும் போட்டு விடுங்களேன்."

"எண்ணெய் வாங்க வந்தவங்கடா அவங்க."

"சும்மா பார்க்கட்டும் மாமா. நம்ம பையன் பண்ணதுன்னு போடுங்க."

போட்டேன். "நம்ம அக்கா மகன் செய்த வீடியோ" என்று பெருமையாக ஒரு வரியும் எழுதினேன்.

2023-ல் அந்த ஆபீஸ் ஷட்டர் இறங்கியது. முதல் ரெண்டு நாள் சர்வர் பிரச்சினை என்றார்கள், மூணாம் நாள் போனை எடுக்கவில்லை. திருமங்கலத்தில் அக்கா வீட்டு வாசலுக்கு இருபது பேர் வந்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள். முதலாளி முகம் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே முகம் இவனுடையது. அக்கா கதவைச் சாத்தவில்லை. எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திட்டினார்கள்.

அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தான். போட்ட வீடியோ அத்தனையையும் அழித்துவிட்டான். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் காலையில் அதுவே பெரிய குற்றமாகிவிட்டது. "அழிச்சுட்டான், அப்ப இவனும் கூட்டு" என்று ஊரே பேசியது. அழித்த வீடியோவை எவனோ முன்னாடியே சேமித்து வைத்திருந்தான். அது கீழே இவன் படத்தைப் போட்டு வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாகச் சுற்றியது. இவன் முன்பு செய்த எந்த வீடியோவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

எனக்கு வந்தது ஒரே ஒரு போன். தாம்பரத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா. நாலு வருஷமாக மாசம் ரெண்டு லிட்டர் வாங்குபவர். "தம்பி, நீங்க போட்டிருந்தீங்களேன்னு ரெண்டு லட்சம் கட்டினேன். அது வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா என்றால் இல்லை. ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், மாசம் ஆறாயிரம் ரூபாய். பெருந்துறையில் ஆரம்பித்த சுசி ஈமு பண்ணைக்கு சினிமா நடிகர்களை வைத்து டிவியில் விளம்பரம் ஓடியது. 2012 ஆகஸ்டில் எல்லாம் குப்புற விழுந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்திலேயே ஒருத்தர் கொட்டகை போட்டு அந்தப் பறவைகளோடு மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் வந்த நடிகர்களை யாரும் வீடு தேடிப் போய்க் கேட்கவில்லை. அவர்கள் எங்கேயோ இருக்கிறவர்கள். மாப்பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவன் அக்கம்பக்கத்துப் பிள்ளை, அவன் சொன்னதாலேயே நம்பினார்கள், அவன் வீடு எல்லாருக்கும் தெரியும்.

நாலாம் நாள் அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருந்தார். அவர் முதலில் சொன்னது, "இனிமே ஒண்ணையும் அழிக்காதே." ரெண்டாவது சொன்னது, "நீயே போய்ச் சொல்லு, அவங்க வந்து கேட்கிற வரைக்கும் இருக்காதே." அப்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தது. இந்த மாதிரி டெபாசிட் மோசடிக்கென்றே தமிழ்நாட்டில் 1997-லிருந்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மதுரையில் அதற்கு சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு போட்ட முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், பொய் என்று தெரிந்தே வாக்குறுதி கொடுத்து ஆளைச் சேர்க்கிறவனுக்கும் ஜெயில் உண்டு. அதே 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளரோடு சேர்த்து, அதைப் பரிந்துரைத்துப் பேசுகிறவருக்கும் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம். பரிந்துரைப்பவர் ஒரு வருஷம் விளம்பரத்தில் வரவே கூடாது என்று தடையும் போடலாம். ஆனால் பேசுகிறதுக்கு முன்னாடி உண்மையா என்று ஒழுங்காக விசாரித்திருந்தால் அவர்மேல் அபராதம் இல்லை.

"என்னப்பா விசாரிச்சே?" என்று வக்கீல் கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். "ஆபீஸ் பெருசா இருந்துச்சு" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நிறுவனம் மக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று பார்க்க, ரிசர்வ் வங்கி 2016-லேயே சசேத் என்று ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது. அதிலேயே புகாரும் கொடுக்கலாம். மனை என்றால் டிடிசிபி அனுமதி உண்டா, ரெரா பதிவு எண் உண்டா என்று பார்க்கலாம். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் அவனே போய் எழுதிக் கொடுத்தான். எந்தெந்தத் தேதியில் என்ன வீடியோ, எவ்வளவு பணம், எந்தக் கணக்கில் வந்தது, யார் பேசினார்கள் என்று பதினொரு பக்கம். மொத்தம் மூணு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியிருந்தான். செலவாகிவிட்டது. பைக்கையும் கேமராவையும் விற்று, அக்காவின் வளையலை அடகு வைத்து, அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, கோர்ட் எப்போது கேட்டாலும் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். அப்புறம் ஒரு வீடியோ போட்டான். மைக் இல்லை, பாட்டு இல்லை. இவ்வளவு வாங்கினேன், விசாரிக்கவில்லை, பயத்தில் அழித்தேன், விவரம் எல்லாம் போலீசிடம் கொடுத்திருக்கிறேன், பணம் போட்டவர்கள் இன்ன இடத்தில் புகார் கொடுங்கள். ரெண்டு நிமிஷம். "மன்னிச்சிருங்க" என்று ஒரு தடவைதான் சொன்னான். பத்துத் தடவை சொல்லாமல் விட்டது நல்லது என்று எனக்குப் பட்டது. அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். அழாததால் திமிர் என்றார்கள். என்ன செய்ய?

2024-ல் பதஞ்சலி விளம்பர வழக்கு நடந்தபோது, பத்திரிகையில் போட்ட மன்னிப்பு, விளம்பரம் இருந்த அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அந்தச் செய்தியை மாப்பிள்ளைதான் எனக்குப் படித்துக் காட்டினான். அவனுடைய மன்னிப்பு வீடியோவை 1,100 பேர் பார்த்திருந்தார்கள். முதல் வீடியோவை எண்பதாயிரம் பேர்.

என் குரூப்பில் நானும் எழுதினேன். "விசாரிக்காமல் போட்டேன், தப்பு என்னுடையது" என்று. முப்பத்தெட்டுப் பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த நேரத்தில்தான் அவன் தோட்டத்துக்கு வந்தான். கே.கே. நகர் அறையைக் காலி செய்தாகிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர், பல் டாக்டர் எல்லாரும் மரியாதையாகவே விலகிக்கொண்டார்கள். விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு பறிக்க வேண்டும். முதல் வாரம் விரல் நுனி கறுத்துப்போய், முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பறிக்கிற பொம்பளைகள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

பறித்த பூவை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு நானும் அவனும் கொண்டுபோவோம். எங்க கமிஷன் கடைக்காரர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வார். அவர் பையைத் திறந்ததும் மேலே பார்க்க மாட்டார். கையை நேராக அடிவரைக்கும் விடுவார். அடியில் நேற்றைய பூ கிடக்கிறதா, எடைக்காகத் தண்ணி தெளித்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். நனைத்த பூ சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். என் பையில் கைவிடும்போது மட்டும் பாதியிலேயே எடுத்துவிடுவார். மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் ஏன் மாமா?" என்றான். பன்னிரண்டு வருஷம் அடிவரைக்கும் விட்டுப் பார்த்துவிட்டார்டா, அதனால்தான் என்றேன்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கனத்த இதழ், நீண்ட காம்பு, சீக்கிரம் விரியாத குணம். பதியன் குச்சி ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. இந்த மண்ணுக்கு வந்ததும் மதுரை மல்லியாகிவிடுகிறது. ஆனால் குறியீடு கிடைத்ததால் எல்லாம் மாறிவிடவில்லை. வேற ஊர்ப் பூவையும் மதுரை மல்லி என்று சொல்லி விற்கிற கடை எத்தனையோ இருக்கிறது. பூவில் முத்திரை குத்த முடியாது. பொங்கல் சமயம் வரத்து குறைந்து கிலோ ரெண்டாயிரம், மூவாயிரம் என்று போகும்போது கலப்பு இன்னும் கூடும். சித்திரையில் அள்ளிக் கொட்டும்போது முந்நூறுக்குக் கேட்க ஆள் இருக்காது, அப்போது ஏமாற்றவும் ஆள் வர மாட்டான். நல்ல பேர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கள்ளப்பூ வரும்.

ஒருநாள் திரும்பி வரும்போது அவன் சொன்னான். "மாமா, தாத்தாவுக்கு மூணு சந்தை. எனக்கு எத்தனைன்னு தெரியலையே."

அவன் மறுபடி தொழில் தொடங்கினதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தவர் மேலூர்ப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர். இவன் கதை முழுக்கத் தெரிந்தும் வந்தார். "பொய் சொல்லி மாட்டினவன் இனிமே பார்த்துத்தான் பேசுவான்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் கொஞ்சம் மிஞ்சின அவமானமும் இருக்கிறது, வாங்கிக்கொண்டான். இப்போது அவன் வேலையே வேறு மாதிரி. பணம் வாங்கிப் பேசுகிறேன் என்பதை வீடியோவின் ஆரம்பத்திலேயே சொல்கிறான். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது, பாதிப் பேர் மதிப்பதில்லை. டெபாசிட், சீட்டு, தங்கத் திட்டம் எதையும் தொடுவதில்லை. மனை விளம்பரம் என்றால் ரெரா எண்ணைக் காட்டச் சொல்கிறான். காசு கொடுத்து கூகுளில் ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டுத் தரச் சொல்லி வந்த ஹோட்டல்காரரைத் திருப்பி அனுப்பினான். அவர் பக்கத்துத் தெரு ஆளிடம் போய் ரெண்டே நாளில் ஐம்பது ரிவ்யூ வாங்கிவிட்டார். இன்று அந்தக் கடையில் கூட்டம் நன்றாகவே இருக்கிறது, சாப்பாடும் மோசமில்லை என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அது இன்னும் வயிற்றெரிச்சல்தான். வருமானம் பழையதில் பாதிகூட இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான்: சொன்னது பொய் என்று தெரிந்தால் வாங்கின கூலியைத் திருப்பித் தந்துவிட்டு வீடியோவிலேயே அதைச் சொல்வேன். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் நாலு பேர். "போனாப் போகட்டும் மாமா, அவங்க போறதுலதான் எனக்கு விஷயமே தெரியுது" என்கிறான். எனக்கு அந்த இடத்தில் தாத்தா துண்டை உதறித் தோளில் போடுகிற மாதிரி இருந்தது.

அக்கா வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி கட்டி வருகிறான். வாசலுக்கு வந்த இருபது பேரில் ரெண்டு மூணு பேர் அக்காவோடு பேசுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார். அவருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்.

தாம்பரம் டீச்சரம்மாவுக்கு அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னாடி அஞ்சு லிட்டர் எண்ணெயைக் கூரியரில் அனுப்பினேன். கேட்காமல், காசு வாங்காமல். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிடைத்த அன்று மத்தியானமே ஜிபேயில் 1,400 ரூபாய் வந்துவிட்டது. விலைக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அதோடு ஒரு மெசேஜ்: "எண்ணெய் எப்போதும்போல நன்றாக இருக்கிறது."

அதுக்கப்புறம் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. குரூப்பை விட்டும் போகவில்லை. இந்த வருஷக் கடலை போன வாரம்தான் காய்ந்து முடிந்தது, திங்கட்கிழமை செக்குக்குப் போகிறது. எப்போதும்போல குரூப்பில் அறிவிப்புப் போட வேண்டும். எழுதி வைத்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை.